குழந்தைகளுக்கு வென்ஃப்ளான்: ரத்தம் வந்தும் லைன் நிற்காதது ஏன்? செவிலியர்களின் அனுபவப் பகிர்வு

குழந்தைகள் வார்டு செவிலியர்:

பெரியவர்கள் வார்டிலிருந்து மாறி வருகிற தங்கைகள் எல்லோரும் கேட்பது இதைத்தான்: "பிளட் வந்துச்சு அக்கா, ஆனா கேனுலா உள்ளே போகலையே, ஏன்?" இதற்குக் காரணம் புரிந்தாலே பயம் பாதி குறையும். வென்ஃப்ளான் என்பது மருந்து ஏற்ற வெயினுக்குள் (சிரைக்குள்) விடும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய். அந்தக் குழாயைத்தான் கேனுலா என்கிறோம், அதை உள்ளே கொண்டுபோகும் ஊசி அதற்குள் இருக்கும். வெயினில் போட்டு நிறுத்திய கேனுலாதான் லைன்.

ஊசியின் முனை கேனுலாவின் முனையைவிட ஒரு மில்லிமீட்டர் போல முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். சேம்பரில் (ஊசியின் பின்னால் உள்ள சிறு அறையில்) ரத்தம் தெரிகிற நொடியில் ஊசி மட்டும்தான் வெயினுக்குள் இருக்கிறது. கேனுலா வெயினின் சுவரில் முட்டிக்கொண்டு வெளியே நிற்கிறது. பெரியவர்களின் அகலமான வெயினில் இந்த வித்தியாசம் தெரியாது. ஒரு வயதுக் குழந்தையின் புறங்கையில் எல்லாமே அந்த ஒரு மில்லிமீட்டரில்தான். ரத்தம் வந்ததும் நிறுத்துங்கள். தோலோடு படுக்கிற மாதிரி கோணத்தைத் தாழ்த்துங்கள். ஊசியும் கேனுலாவும் சேர்ந்தபடியே இன்னும் 1–2 மி.மீ. நகரட்டும். அதன் பிறகு ஊசியை ஆடாமல் பிடித்துக்கொண்டு கேனுலாவை மட்டும் தள்ளுங்கள். தாழ்த்தாமல் தள்ளினால் ஊசி பின்சுவரைத் துளைக்கும். வந்த ரத்தம் நின்றுபோய்த் தோலடியில் நீலமாகப் புடைக்கும்.

புடைப்பு இல்லையென்றால் ஒரு வாய்ப்பு மிச்சமிருக்கிறது. ஊசியைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, கேனுலாவை மிக மெதுவாக வெளியே இழுத்து வாருங்கள். ரத்தம் திரும்ப வருகிற இடத்தில் நிறுத்தி, சலைனை மெல்லச் செலுத்தியபடி உள்ளே விடலாம். ஆனால் பின்னிழுத்த ஊசியை மறுபடி கேனுலாவுக்குள் தள்ளவே கூடாது. பிளாஸ்டிக் அறுந்து துண்டு ரத்த ஓட்டத்தோடு போய்விடும்.

வயிற்றுப்போக்கில் நீர் வற்றி வரும் குழந்தைக்கு 24 கேஜில் (மிக மெல்லிய கேனுலா அளவு) ரத்தம் ஊறித்தான் வரும். ஒவ்வொரு சிறு நகர்வுக்கும் பிறகு இரண்டு மூன்று நொடி காத்திருங்கள். வரவில்லையே என்று மேலும் மேலும் குத்துவதில்தான் நல்ல வெயின்கள் வீணாகின்றன.

அதே வார்டு, இரவுப் பணி:

அக்கா சொன்னது ஊசி உள்ளே போன பிறகு. அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தைப் பற்றி நான் சொல்கிறேன். குழந்தை அழத் தொடங்குமுன் எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்: 24 கேஜ் மஞ்சள் இரண்டு, 22 நீலம் ஒன்று, 2 மி.லி. சலைன் ஏற்றிய சிரிஞ்ச், சலைன் நிரப்பிய எக்ஸ்டென்ஷன் (கேனுலாவோடு இணைக்கும் சிறு குழாய்), வெட்டி ஒட்டிவைத்த பிளாஸ்டர் துண்டுகள், ஸ்பிளிண்ட் (கை அசையாமல் வைத்துக் கட்டும் அட்டை). லைன் கிடைத்த பிறகு பிளாஸ்டரைத் தேடுகிற நேரத்தில்தான் குழந்தை கையை உதறும்.

பிடிக்கிறவர் தெரிந்தவராக இருக்கட்டும். குழந்தையைத் துணியில் சுற்றி, வேண்டிய கையை மட்டும் வெளியே எடுத்து, மணிக்கட்டுக்கு மேலும் கீழும் இரண்டு மூட்டையும் அசையாமல் பிடிக்க வேண்டும். அம்மாவைப் பிடிக்கச் சொல்லாதீர்கள். தலைமாட்டில் நின்று பேசச் சொல்லுங்கள். "வலிக்காது கண்ணு" என்று நாமும் சொல்லக் கூடாது. அடுத்த முறை அந்தக் குழந்தை நம்மை நம்பாது. "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அழுதுக்கோ, கையை மட்டும் ஆட்டாதே" என்று சொன்னால் நான்கு வயதுப் பிள்ளைக்கே புரியும்.

விரல் சூப்பும் கையை விட்டுவிடுங்கள். டூர்னிகெட்டை (வெயின் புடைக்கக் கையில் கட்டும் பட்டையை) இறுக்கினாலும் நாடித்துடிப்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கேனுலா உள்ளே போனதும், ஃப்ளஷ் செய்வதற்கு முன்பே அதை அவிழ்த்துவிடுங்கள். அவிழ்க்காமல் சலைன் தள்ளினால் நல்ல வெயினும் வெடித்துவிடும்.

பச்சிளங்குழந்தைகள் பிரிவு:

எங்கள் பிரிவில் 10–15 டிகிரிக்கு மேல் கோணமே கிடையாது. வெயின் தோலை ஒட்டியே ஓடுகிறது. கையில் ஒன்றும் கிடைக்காவிட்டால் உட்புறக் கணுக்கால் எலும்புக்கு முன்னால் பாருங்கள். அங்கே சாஃபினஸ் என்ற கால் வெயின் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இருக்கும். தலையில் போடுவதானால் முதலில் விரல் வைத்துத் துடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். துடித்தால் அது தமனி, தொடாதீர்கள். வெயினைத் தேட உள்ளங்கையின் கீழே விளக்கு வைப்பதென்றால் சூடேறாத எல்இடி மட்டும். நிறைமாதக் குழந்தைக்கு 24 சதவீத சுக்ரோஸை இரண்டு நிமிடம் முன்னதாக நாக்கில் விட்டால் அழுகை நன்றாகவே குறையும். தாய்ப்பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே போட முடிந்தால் இன்னும் நல்லது.

அவசரப் பிரிவு:

யாருக்குக் கஷ்டம் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். டூர்னிகெட் கட்டியும் வெயின் தெரியவில்லையென்றால் 2, தொட்டும் தட்டுப்படவில்லையென்றால் 2, ஒரு வயதுக்குள் என்றால் 3, ஒன்று முதல் மூன்று வயதுக்குள் என்றால் 1, குறைமாதத்தில் பிறந்தது என்றால் 3. கூட்டினால் 4 அல்லது அதற்கு மேல் வருகிறதா? முதல் குத்தில் தவற வாய்ப்பு பாதிக்கும் அதிகம். அந்தக் குழந்தையை அனுபவமுள்ளவர் கையில் கொடுங்கள். நீங்கள் பிடித்துக்கொண்டு கவனியுங்கள். கற்றுக்கொள்ள ஐந்து வயதுக்கு மேற்பட்ட, நீர்ச்சத்து குறையாத பிள்ளையின் புறங்கை ஏற்றது. கொழுகொழு என்று இருக்கும் ஒரு வயதுக் குழந்தைதான் எல்லாரையும்விடக் கடினம், பிறந்த குழந்தைகூட அவ்வளவு இல்லை.

ஒருவர் இரண்டு முறை, அதற்கு மேல் வேண்டாம். இது தோல்வி இல்லை, குழந்தையின் வெயினைக் காப்பது. டெங்கு ஷாக்கில் (டெங்குவால் ரத்த ஓட்டம் ஆபத்தாகக் குறைந்த நிலையில்) வெயின் தேடி நேரத்தைக் கரைக்காதீர்கள். உடனே டாக்டரிடம் சொல்லி எலும்புக்குள் போடும் ஊசிக்குத் தயாராகுங்கள். டெங்குவில் தவறிய இடத்தை ரத்தம் முழுவதும் நிற்கும்வரை அழுத்துங்கள், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும்.

குழந்தைகள் வார்டு செவிலியர்:

போட்ட லைனைப் பார்ப்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஸ்பிளிண்டுக்கு அட்டையை வெட்டிப் பஞ்சு சுற்றினால் போதும், ஆனால் விரல் நுனிகளும் கேனுலா முனைக்கு மேலுள்ள தோலும் வெளியே தெரிய வேண்டும். மணிக்கொரு முறை தொட்டு, அடுத்த கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிரிஞ்ச் பம்ப் (மருந்தைச் சீராகத் தள்ளும் கருவி) அலாரத்தை நம்பாதீர்கள். வீங்கிய திசுவுக்குள்ளும் அது தள்ளிக்கொண்டே இருக்கும். கால்சியம் குளுக்கோனேட், டோபமைன், ஃபெனிடாயின் போல வெளியே கசிந்தால் திசுவைக் கெடுக்கும் மருந்து போகிற லைனில் வீக்கமோ வெளுப்போ தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். கேனுலாவை உருவிவிடாதீர்கள், முதலில் அதன் வழியாகவே சிரிஞ்சால் மருந்தை முடிந்தவரை உறிஞ்சி எடுத்துவிட்டு, டாக்டரைக் கூப்பிட்டு, வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து நேரத்தை எழுதிவையுங்கள்.