மறு: பொன்டூன் படகு, சிறிய அலுமினிய மீன்பிடிப் படகு – கலைச்சொல் பரிந்துரை

குழுவினருக்கு வணக்கம்.

ஏரிகளிலும் அமைதியான ஆறுகளிலும் மீன்பிடிக்கவும் உலாவரவும் படகு வாங்க நினைப்பவர்களுக்கான கையேட்டில், பொன்டூன் படகையும் (மூடிய நீண்ட உருளைகளின்மேல் தட்டையான தளம் அமைத்த படகு) சிறிய அலுமினிய மீன்பிடிப் படகையும் ஒப்பிடும் இயலுக்குச் சொற்கள் கேட்கப்பட்டிருந்தன. பொன்டூன் படகுக்கு இதுவரை வந்த பரிந்துரைகளில் "மிதவைப்படகு" என்பதற்கே ஆதரவு மிகுதி. நான் அதை ஏற்கத் தயங்குகிறேன். அதற்கு மாறாக, பொன்டூன் படகுக்குத் "தெப்பப்படகு", அலுமினியப் படகுக்கு "வள்ளம்" என்ற இணையை முன்வைக்கிறேன்.

முதலில், மூலத்தில் உள்ள பெயர்களே வாங்குபவருக்குப் பெரிதாக உதவுவதில்லை. இரண்டாவது படகை மட்டும் "அலுமினிய" என்று அடைகொடுத்துச் சொல்கிறோம். ஆனால் பொன்டூன் படகைத் தாங்கும் உருளைகளும் இன்று பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனவையே. "மீன்பிடி" என்ற அடையும் அப்படித்தான். தூண்டில் தாங்கிகளும் பிடித்த மீனை உயிரோடு வைத்திருக்கும் தொட்டியும் பொருத்திய பொன்டூன் படகுகள் மீன்பிடிப்பதற்கென்றே விற்கப்படுகின்றன. உலோகமும் பயனும் இரண்டுக்கும் பொதுவாகிவிட்ட நிலையில், வேறுபாடு எஞ்சுவது வடிவத்தில் மட்டுமே. ஆகவே மூலப்பெயர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைவிட வடிவத்தைச் சொல்லும் பெயர்களைத் தேடுவதே பயனுள்ளது என்பது என் கருத்து.

> மிதவைப் பாலம் என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் மிதவைப்படகு என்பதே இயல்பாக அமையும்.

பாலத்தைப் பொறுத்தவரை நண்பர் சொல்வது சரி. அங்கே வேறு மிதவை எதுவும் குறுக்கிடுவதில்லை. மீன்பிடிக் கையேட்டின் நிலை வேறு. தூண்டில் நரம்பில் கட்டும் தக்கையும் மிதவைதான். நீர்வழியைக் காட்ட நங்கூரமிட்டு நிறுத்தியிருப்பதும் மிதவைதான். இவற்றோடு, இந்தப் படகின் அடியில் இருக்கும் உறுப்புக்கும் அதே சொல் தேவைப்படுகிறது. "மிதவையில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்" என்று ஒரு வரி வந்தால் படிப்பவர் எதைப் பார்ப்பார்? தவிரவும், மிதக்காத படகு என்று ஒன்று இல்லாததால், அந்த அடைமொழி எதையும் பிரித்துக் காட்டவும் இல்லை.

"இரட்டை மிதவைப்படகு" என்ற திருத்தமும் நிற்காது. நடுவில் மூன்றாவது உருளை சேர்த்த வகை இப்போது பரவலாக விற்பனையில் உள்ளது. கூடுதல் சுமையும் பெரிய எஞ்சினும் வேண்டுவோர் அதைத்தான் தேடுகிறார்கள். "கட்டுமரம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நம் சொல்லை ஆங்கிலம் இரட்டை உடல் படகுக்கு எடுத்துக்கொண்டது உண்மையே என்றாலும், நமக்கு அது இன்றும் மரங்களைச் சேர்த்துக் கட்டிய கலம்தான். அதன் பொருளை நாமே குழப்பவேண்டாம்.

இனித் தெப்பம். காற்று அடைபட்ட பொருள்கள் சிலவற்றை இணைத்து அவற்றின்மேல் ஒரு மேடையைப் பரப்பினால் அது தெப்பம். பொன்டூன் படகின் அமைப்பும் அதன் பிறப்பும் இதுவே. 1952-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆம்புரோஸ் வீரஸ் என்பவர் எஃகுப் பீப்பாய்களை இரு வரிசையாகப் பற்றவைத்து, அவற்றின்மேல் மரத்தளம் அமைத்து உருவாக்கியதையே இன்றைய பொன்டூன் படகின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். பின்னர் பீப்பாய்களின் இடத்துக்கு நீண்ட உருளைகள் வந்தன. தளத்தைச் சுற்றிக் கம்பித் தடுப்பும் இருக்கைகளும் நிழற்கூரையும் சேர்ந்தன.

> தெப்பம் என்றால் தானாக நகராதது, கயிற்றால் இழுக்கவோ கோலால் தள்ளவோ வேண்டியது என்ற எண்ணம் வராதா?

வரும். அதனால்தான் தெப்பம் என்று நிறுத்தாமல் தெப்பப்படகு என்கிறேன். பின்பாதியில் உள்ள "படகு" அந்த எண்ணத்தைத் திருத்திவிடும். எஞ்சினும் சுக்கானும் உள்ள தெப்பம் என்பதே நமக்கு வேண்டிய பொருள்.

மற்றதற்கு "வள்ளம்" என்பதை ஏன் சொல்கிறேன் என்றால், அச்சொல்லுக்குக் கிண்ணம் என்ற பொருளும் உண்டு. மீனவர் வழக்கில் மேல்தளம் இல்லாத, உட்குழிந்த சிறு கலத்துக்கு அது இன்றும் உயிரோடு இருக்கிறது. "அலுமினிய வள்ளம்" என்றால் மெல்லிய தகட்டை வளைத்து, உள்ளே குறுக்குப் பலகைகளை வைத்த அந்த எளிய வடிவம் உடனே கண்முன் வந்துவிடும். தெப்பத்தின்மேல் ஏறுகிறோம், வள்ளத்துக்குள் இறங்குகிறோம். இயல்பாக நாம் பயன்படுத்தும் இந்த இரு வினைகளுக்குள்ளேயே, வாங்குபவர் எடைபோட வேண்டியவற்றுள் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

நிலைத்தன்மையை எடுத்துக்கொள்ளுங்கள். தெப்பப்படகின் அகலம் பொதுவாக எட்டு அடி அல்லது அதற்குச் சற்று மேல். ஒரு பக்கமாக நான்கு பேர் சென்று நின்றாலும், அந்தப் பக்கத்து உருளை சிறிது கூடுதலாக அமிழ்ந்த உடனே, நடுக்கோட்டிலிருந்து தொலைவில் அதன் மிதப்புவிசை கூடிச் சாய்வைத் தடுத்துவிடுகிறது. எனவே நின்றுகொண்டு தூண்டில் வீசலாம். முதியவர்களும் குழந்தைகளும் நடமாடலாம். வள்ளத்துக்கு உடல் ஒன்றுதான், அதுவும் குறுகலானது. ஒருவர் எழுந்து ஓரமாக அடிவைத்தாலே அது சாயும். ஆனால் அதில் அமர்ந்திருப்பவரின் எடை நீர்மட்டத்தை ஒட்டியே இருப்பதால், அமர்ந்த நிலையில் அது நம்பிக்கையோடு செல்லும். ஆழமான கூரிய அணியம் (முன்முனை) உள்ளதாயின் சிற்றலைகளை வெட்டிக்கொண்டும் போகும். தெப்பப்படகோ உருளைகளுக்கு இடையே அலைக்கு வழிவிட்டு மிதப்பது. அலை தளத்தின் உயரத்தை எட்டும்வரை சுகமாக இருக்கும். முன்பக்கம் ஆட்கள் கூடியிருக்கும்போது பெரிய அலை எதிர்ப்பட்டால் முன்தளம் நீருக்குள் புகுந்துவிடக்கூடும் என்பதைக் கையேடு அழுத்திச் சொல்ல வேண்டும்.

மழைநீரும் இதே வேறுபாட்டைக் காட்டும். தெப்பத்தின் மேல் விழுந்த நீர் தளத்தின் ஓரங்களில் வழிந்து போய்விடும். வள்ளத்துக்குள் விழுந்தது அங்கேயே தேங்கும். இறைக்க வேண்டும், அல்லது கரையேற்றி அமரத்தின் (பின்முனையின்) அடியில் உள்ள அடைப்பானைக் கழற்றிவிட வேண்டும். (அந்த அடைப்பானைத் திரும்பப் பொருத்தாமல் நீரில் இறக்குவது உலகெங்கும் படகோட்டிகள் ஒருவரையொருவர் கேலிசெய்துகொள்ளும் செயல். அதற்குத் தனிக் கலைச்சொல் வேண்டியதில்லை.)

காற்றில் நிலைமை தலைகீழாகிறது. தடுப்புகளும் கூரையும் உயர்ந்து நிற்கும் தெப்பப்படகைப் பக்கக்காற்று பாய்மரத்தைப்போலத் தள்ளும். துறையில் அணைக்கும்போது இதை நன்றாக உணரலாம். எடையிலும் பெரும் வேறுபாடு உண்டு. இருபது அடித் தெப்பப்படகு எஞ்சின் இல்லாமலேயே முக்கால் டன்னிலிருந்து ஒரு டன் வரை இருக்கலாம். அதற்கு இழுவண்டியும் அதை இழுக்கும் திறனுள்ள வாகனமும் சரிவான இறங்குதுறையும் வேண்டும். பன்னிரண்டு, பதினான்கு அடி வள்ளத்தை இருவர் கரையில் இழுத்துச் செல்லலாம். பின்முனையில் வெளியே மாட்டும் பத்துக் குதிரைத்திறன் எஞ்சினே (அவுட்போர்டு) அதற்குப் போதும். நாணல் மண்டிய ஆழமற்ற இடங்களிலும் நுழையும். தனியாகவோ ஒரு துணையோடோ மீனுக்காக மட்டும் போகிறவர் தெப்பப்படகை வாங்குவது வீண் என்றே நான் எண்ணுகிறேன். ஆறேழு பேரோடு போகிறவர் வள்ளத்தை வாங்குவதோ ஆபத்து. வள்ளம் தாங்கும் ஆட்களின் எண்ணிக்கையும் எடையும் அதன் உடலில் பொறிக்கப்பட்டிருந்தால் அதுவே வரம்பு.

துணைச்சொற்களுக்கு வருகிறேன். தாங்கும் உறுப்புக்கு "மிதவையுருளை" எனலாம். "குழாய்" என்றால் ஏதோ ஒன்று உள்ளே ஓட வேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. இதுவோ இரு முனைகளும் அடைக்கப்பட்டு, உட்சுவர்களால் பல அறைகளாகவும் பிரிக்கப்பட்டது; ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் மற்ற அறைகள் தாங்கும். எரிவாயு உருளை என்ற வழக்கு இருப்பதால், மூடிய கலம் என்ற பொருள் உருளைக்கு ஏற்கெனவே படிந்திருக்கிறது. மூன்று உள்ளதை "மூவுருளைத் தெப்பப்படகு" எனலாம். வள்ளங்களில் அடிப்பகுதி தட்டையானதைத் "தட்டையடி வள்ளம்" என்றும், கூரியதைக் "கூரடி வள்ளம்" என்றும் பிரிக்கலாம். தகடுகளை இணைக்கும் ரிவெட்டுக்குத் "தறையாணி" என்ற நல்ல சொல் அகராதிகளில் இருக்கிறது. பழைய வள்ளம் வாங்குவோர் முதலில் தடவிப் பார்க்க வேண்டியது அதைத்தான், ஏனெனில் ஆண்டுக்கணக்கான அதிர்வில் தறையாணிகள் தளர்ந்து நீர் கசியத் தொடங்கும். பற்றவைத்த வள்ளத்தில் இந்தத் தொல்லை குறைவு.

இரண்டு இடங்களில் எனக்குச் சொல் அமையவில்லை. காற்றடைத்த இரு குழல்களுக்கு நடுவே ஒருவர் மட்டும் அமர்ந்து செல்லும் சிறு கலத்தையும் ஆங்கிலத்தில் பொன்டூன் படகு என்றே சொல்கிறார்கள்; அதில் தளமே இல்லாததால் தெப்பப்படகு என்பது பொருந்தாது. அடுத்தது, மீன் மிரளாதபடி அணியத்தில் பொருத்திப் படகை ஓசையின்றி நகர்த்தும் சிறிய மின்மோட்டார். "மெல்லோட்ட மோட்டார்" என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமான சொல் யாருக்கேனும் தோன்றினால், ஒப்பீட்டு இயல் அச்சுக்குப் போவதற்குள் இந்த இழையிலேயே தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
கையேட்டின் படகு இயலைத் தொகுப்பவன்