புதுப்பிப்பு: எஸ்பி-1200 கருவியின் 10 விநாடிகள்

ஒலித்துணுக்குகளைப் பதிந்து தாளமாக இசைக்க 1987இல் ஈ-மியூ நிறுவனம் வெளியிட்ட எஸ்பி-1200 கருவியில் மொத்தம் 10 விநாடி ஒலியை மட்டுமே பதிய முடியும் என்பதை முந்தைய பதிவில் வெறும் குறையாக எழுதி, அதன் ஒலியிலுள்ள கரகரப்பை நீக்கும் வழியையும் கேட்டிருந்தேன். அந்தக் கருத்தை இப்போது திருத்திக்கொள்கிறேன். நினைவகச் சில்லுகளின் விலை மிகுந்திருந்த அக்காலத்தில், ஒலியை அளக்கும் நுணுக்கத்தை 12 பிட்டோடும், அளக்கும் வேகத்தை ஏறத்தாழ 26 கிலோஹெர்ட்ஸோடும் (விநாடிக்கு ஏறத்தாழ 26,000 முறை) நிறுத்திக்கொண்டது விலையை முன்னிட்ட சமரசமே. ஆனால் நியூயார்க்கின் ஹிப்-ஹாப் கலைஞர்கள், நிமிடத்துக்கு 33 சுற்றுகளில் ஓடவேண்டிய இசைத்தட்டை 45இல் ஓடவிட்டுப் பதிந்து, பின்னர் கருவிக்குள்ளேயே சுருதியையும் அதோடு வேகத்தையும் பழைய நிலைக்குத் தாழ்த்தி, அதே நினைவகத்தில் கூடுதல் நேரத்தை அடக்கினார்கள். அவ்வாறு தாழ்த்தும்போது எழும் கரகரப்பு, என் செவிக்கு, முரசொலிக்குத் தனி உடல் தருகிறது. அதை வடிகட்டி நீக்கும் வழியைத்தான் அன்று கேட்டிருந்தேன்; இனி அது எனக்குத் தேவையில்லை.