புதுப்பிப்பு: கூரை ரேக் வாங்கிவிட்டேன்

என் ஸ்விஃப்ட் கார் மேல் சைக்கிள் ஏற்ற, முன்சக்கரத்தைக் கழற்றி ஃபோர்க்கை (அந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையை) மாட்டும் ரேக்கா, முழு சைக்கிளையும் நிறுத்தும் ரேக்கா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இரண்டாவதையே வாங்கினேன்: துலே புரோரைடு 598. ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குமிழைத் திருகினால் போதும், ரேக்கின் பிடி சைக்கிள் சட்டத்தின் கீழ்க்குழாயைக் கவ்விக்கொள்கிறது. அவ்வளவு சுலபம்!

ரேக் 20 கிலோ தாங்கும், என் சைக்கிள் 13தான். ஆனால் காரின் கூரைக்கான எடை வரம்பில் ரேக்கைத் தாங்கும் குறுக்குக் கம்பிகளும் ரேக்கும் சேர்ந்துதான் கணக்கு, மறந்துவிடாதீர்கள்.

கோவையிலிருந்து கோத்தகிரி வரை துளி அசையவில்லை. மேட்டுப்பாளையத்தில் நிறுத்திச் சைக்கிள் சக்கரங்களை ரேக்கோடு கட்டும் பட்டைகளை மட்டும் மறுபடி இறுக்கினேன். உயரம்தான் பயம், இரண்டரை மீட்டரைத் தாண்டிவிடுகிறது. நினைவு தப்பி அடித்தளப் பார்க்கிங்குக்குள் நுழைந்துவிடாதிருக்க, ஸ்டீயரிங்கில் சிவப்பு நாடா கட்டியிருக்கிறேன்.