ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் ஹெட்லைட் மங்காதாம்!

கிளாம்ப்மீட்டர்:
நேற்று நண்பர் ஒருவர் ஒரு காணொளி அனுப்பினார். கார் ஆடியோ கடைக்காரர் ஒருவர் 1 ஃபாரட் கெப்பாசிட்டரை (மின்சாரத்தைச் சேமித்துச் சட்டென்று விடும் டப்பா) பச்சைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு, "இதை டிக்கியில் மாட்டினால் போதும், 1000 வாட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஓடினாலும் ஹெட்லைட் மங்காது, ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்றும் ஜெனரேட்டர்), வயர் எதையும் தொட வேண்டாம்" என்கிறார். பார்த்ததிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்.

கணக்கைப் பாருங்கள். 1000 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் சக்தி) தரும் கிளாஸ் டி ஆம்ப் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை), 80 சதவீதத் திறனில் ஓடினால், 1250 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டில் அது சுமார் 90 ஆம்பியர். 14.4 வோல்ட்டிலிருந்து 12.6க்கு இறங்குவதற்குள் 1 ஃபாரட் கொடுப்பது 1.8 கூலோம் மின்னூட்டம். 90 ஆம்பியருக்கு அது 20 மில்லி விநாடி தாங்கும். 40 ஹெர்ட்ஸ் பேஸ் ஒரு சுற்று முடியவே 25 மில்லி விநாடி ஆகும். ஒரு "தும்"முக்குக்கூடக் காணாத சாமானுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?

இடிபாஸ்:
ஆரம்பித்துவிட்டார் பேராசிரியர். என் வண்டியில் நாலு வருடமாக அதே 1 ஃபாரட் கெப்பாசிட்டர். 12 இஞ்ச் சப்வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) இரண்டு. தெரு முனையில் வரும்போதே வீட்டில் பாத்திரம் அதிரும். ஹெட்லைட் மங்கவில்லை. இதற்கு என்ன கணக்கு?

கிளாம்ப்மீட்டர்:
20 மில்லி விநாடி. அதுதான் கணக்கு.

அந்த 20 மில்லி விநாடிக்கு அப்புறம் காலியான கெப்பாசிட்டரை நிரப்புவது யார்? அதே ஆல்டர்னேட்டர்தான். அதாவது ஆம்புக்கும் கொடுத்து, கெப்பாசிட்டருக்கும் கொடுக்க வேண்டும். கடன் அடைக்கக் கடன் வாங்குவது போல.

புதுவண்டி:
அண்ணன்மார்களே, வணக்கம். 600 வாட் மோனோ ஆம்ப் ஒன்று வாங்கிவிட்டேன். வண்டி சின்ன ஹேட்ச்பேக். எந்த கேஜ் (தடிமன்) வயர் வாங்கலாம் என்று மட்டும் சொன்னால் போதும்.

இடிபாஸ்:
தம்பி, வயர் பிறகு. முதலில் கெப்பாசிட்டர் வாங்கு. இவர் சொல்வதைக் கேட்டால் ஆல்டர்னேட்டரை மாற்று, பேட்டரியை மாற்று, கடைசியில் வண்டியையே மாற்று என்பார்.

கிளாம்ப்மீட்டர்:
ஆமாம், ஆல்டர்னேட்டரை முதலில் பார்க்கத்தான் சொல்வேன். சின்ன வண்டிகளில் 65, 75 ஆம்பியர்தான் இருக்கும். ஏசி, ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து அதில் 30, 40ஐத் தின்றுவிடும். சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் கொடுப்பதே ஏறக்குறைய பாதிதான். மிச்சம் எங்கே இருக்கிறது உங்கள் இரண்டு 12 இஞ்சுக்கு? பேட்டரியிலிருந்து உறிஞ்சுகிறீர்கள். அது சீக்கிரம் செத்தால் பேட்டரி கம்பெனியைத் திட்டுவீர்கள்.

ஷெட்காரர்:
முப்பது வருடமாக வண்டி எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். இருவரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். முதலில் செய்ய வேண்டியது பிக் த்ரீ, அதாவது மூன்று முக்கிய வயர்களைத் தடித்ததாக மாற்றுவது. ஆல்டர்னேட்டர் பாசிட்டிவிலிருந்து பேட்டரி பாசிட்டிவுக்கு ஒன்று, பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு ஒன்று, எஞ்சின் பிளாக்கிலிருந்து பாடிக்கு ஒன்று. மூன்றுக்கும் 1/0 கேஜ், நல்ல தடித்த வயர். இதைச் செய்தாலே பாதிப் பேருக்கு மங்குவது நின்றுவிடும்.

கிளாம்ப்மீட்டர்:
ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் வயரைப் பெரிதாக்கினால் வோல்ட் இறக்கம் குறையும், ஆம்பியர் கூடாது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். 75 ஆம்பியர் 75 ஆம்பியர்தான்.

ஷெட்காரர்:
அகப்பை ஓட்டையாக இருந்தால் சட்டி நிறைய இருந்து என்ன பிரயோசனம்? பழைய வண்டியில் எர்த் வயர் (பாடிக்குப் போகும் நெகட்டிவ் வயர்) நுனியைப் பார்த்திருக்கிறீர்களா? பச்சையாகப் பூத்திருக்கும். கால்குலேட்டரில் அது தெரியாது.

ஓரமாநிற்கிறேன்:
ஒரு சந்தேகம். "மங்குவது" என்று எதைச் சொல்கிறோம்? ஒவ்வொரு அடிக்கும் விளக்கு துடிப்பது வேறு, பாட்டு ஓடும் வரை வெளிச்சம் இறங்கியே இருப்பது வேறு. முதலாவதைக் கெப்பாசிட்டர் கொஞ்சம் மழுப்பலாம். இரண்டாவதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதை முடிவு செய்துவிட்டுப் பேசலாமே?

இடிபாஸ்:
துடிக்கவும் இல்லை, இறங்கவும் இல்லை. மங்கவில்லை என்றால் மங்கவில்லை.

கிளாம்ப்மீட்டர்:
20 மில்லி விநாடி.

நாலாம்கேஜ்:
இடிபாஸ் வண்டியை நான் பார்த்திருக்கிறேன். ஹெட்லைட் எல்ஈடி! அதற்குள் டிரைவர் சர்க்யூட் இருக்கிறது. வோல்ட் 14லிருந்து 12க்கு இறங்கினாலும் கரண்ட்டைச் சமமாக வைத்துக்கொள்ளும். கெப்பாசிட்டரைக் கழற்றி வீசினாலும் அது மங்காது.

கிளாம்ப்மீட்டர்:
ஆஹா! எல்ஈடியை வைத்துக்கொண்டுதான் நாலு வருடமாகக் கெப்பாசிட்டர் புகழ் பாடினாரா? ஹாலஜன் பல்பு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இடிபாஸ்:
உள்ளே கூரை விளக்கு சாதா பல்புதான். அதுவும் மங்கவில்லை. அப்புறம் நாலாம்கேஜ், நீங்கள் செம்பு என்று சொல்லி எனக்கு விற்ற வயரைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்பு முலாம். அதைப் பற்றியும் இங்கே நாலு வார்த்தை பேசலாமே?

நாலாம்கேஜ்:
சிசிஏ (செம்பு முலாம் பூசிய அலுமினியம்) என்று சொல்லித்தான் கொடுத்தேன். விலையைப் பார்த்தே தெரிந்திருக்க வேண்டும். அந்த விலைக்கு செம்பு வேண்டுமாம்!

ஷெட்காரர்:
அலுமினியம் செம்பின் அறுபது சதவீத அளவுக்குத்தான் மின்சாரத்தைக் கடத்தும். 4 கேஜில் 5 மீட்டர், 90 ஆம்பியர் என்றால் செம்பில் 0.37 வோல்ட் போகும், இதில் 0.6 போகும். நுனியை இறுக்கினால் நாளடைவில் தளரும், சூடாகும். என் ஷெட்டுக்குள் அதை விடுவதில்லை.

புதுவண்டி:
அப்போ 4 கேஜ் செம்பு போதுமா அண்ணா?

நாலாம்கேஜ்:
ஷெட்டுக்குள் விடமாட்டாராம். போன வருடம் யார் வண்டியில் ஃபியூஸ் இல்லாமல் நேரடியாக வயர் இழுத்தீர்கள் என்று சொல்லட்டுமா?

ஷெட்காரர்:
அது என் பையன் செய்தது. அன்று நான் ஊரில் இல்லை. தம்பி புதுவண்டி, உன் ஆம்புக்கு 4 கேஜ் சுத்தச் செம்பு போதும். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் வை. எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்ட்டை மின்னும்வரை சுரண்டு. நெகட்டிவ் டெர்மினலில் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தால் அது பேட்டரி சென்சார். எர்த்தை டெர்மினலில் மாட்டாதே, பாடியில் மாட்டு. இல்லாவிட்டால் ஆம்ப் இழுப்பது வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, சார்ஜிங் குழம்பும்.

கிளாம்ப்மீட்டர்:
அந்த 600 வாட்டும் உண்மையா என்று முதலில் பார் தம்பி. ஆம்ப் பின்னால் உள்ள ஃபியூஸ்களைக் கூட்டு. அட்டையில் 3000 வாட் என்று போட்டு, பின்னால் 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு வைத்திருப்பார்கள். 60 ஆம்பியரை 14 வோல்ட்டால் பெருக்கினால் 840 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான், வெளியே எப்படி 3000 வரும்? இடிபாஸ் ஆம்ப் அட்டையில் எவ்வளவு போட்டிருந்தது? 5000 தானே?

இடிபாஸ்:
4500. ஆர்எம்எஸ் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. இவருக்குக் கோபம் கெப்பாசிட்டர் மேல் இல்லை, என் மேல். அவர் விற்ற சப்வூஃபரை நான் குறை சொன்னேன். அதிலிருந்து நான் என்ன எழுதினாலும் கிளாம்ப் மீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்.

கிளாம்ப்மீட்டர்:
பேச்சு அங்கே போய்விட்டதா! நல்ல நிலையில் கொடுத்தேன். ஸ்பீக்கரின் ரப்பர் ஓரம் கிழிந்தது நீங்கள் ஆம்பின் கெய்ன் திருகைக் கடைசிவரை திருகியதால். வோல்ட் இறங்கிய ஆம்ப் கிளிப் ஆகும் (ஒலி அலையின் நுனி வெட்டுப்படும்), கிளிப் ஆனால் ஸ்பீக்கர் காயில் சூடாகும். அன்றைக்கே உங்கள் வண்டியில் மின்சாரம் பற்றவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இடிபாஸ்:
காயில் சூடானால் ரப்பர் எப்படி ஐயா கிழியும்? காயில் இன்றும் நன்றாக இருக்கிறது. கணக்கு வாத்தியார் இதற்குக் கணக்குப் போடட்டும்.

நாலாம்கேஜ்:
அதானே!

கிளாம்ப்மீட்டர்:
சிசிஏ வியாபாரி நடுவில் வர வேண்டாம். எனக்கு இன்னமும் அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. 20 மில்லி விநாடிக்கு அப்புறம் என்ன? ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலுக்கு வாருங்கள். பேட்டரி டெர்மினலில் மீட்டரை மாட்டுவோம், கெப்பாசிட்டரோடு ஒரு பாட்டு, இல்லாமல் ஒரு பாட்டு.

இடிபாஸ்:
உங்கள் வாசலுக்கு எதற்கு? மீட்டர் உங்களுடையது, கண் உங்களுடையது, தீர்ப்பும் உங்களுடையதா? என் தெருவுக்கு வாருங்கள்.

ஓரமாநிற்கிறேன்:
டெர்மினலில் அளந்தால் அது டிக்கியில் ஆம்ப் பக்கம் உள்ள வோல்ட் ஆகாது. இரண்டு இடத்திலும் அளக்க வேண்டும். தவிர, மங்குவது என்றால் எத்தனை வோல்ட் இறங்கினால் என்று...

இடிபாஸ்:
பெயருக்கு ஏற்ற மாதிரி ஓரமாகவே நில்லுங்கள் சார்.

புதுவண்டி:
பேட்டரியில் கறுப்புப் பெட்டி இருக்கிறது. அப்போ கெப்பாசிட்டர் வேண்டுமா, வேண்டாமா?

கிளாம்ப்மீட்டர்:
வேண்டாம்.

இடிபாஸ்:
வேண்டும்.

ஷெட்காரர்:
பிக் த்ரீ செய் தம்பி.

கிளாம்ப்மீட்டர்:
20 மில்லி விநாடி. இன்னும் யாரும் மறுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இடிபாஸ்:
இப்போதுதான் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய்வந்தேன். மங்கவில்லை.