இறக்கையை நீட்டுவதா, எஞ்சினை மாற்றுவதா? கட்டிப் பறந்தவர்கள் சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். சொந்தமாகக் கட்டிவரும் இரண்டு இருக்கை விமானத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. வரைபடப்படி இறக்கையின் முழு நீளம் 8.2 மீட்டர், எஞ்சின் 80 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912. முழு எடையோடு, வெயில் நேரத்தில், ஏறும் வேகம் போதாது என்று கணக்கு காட்டுகிறது. அதுதான் கவலை.

இறக்கையை 9.2 மீட்டராக நீட்டலாம். தூண்டல் இழுவை (இறக்கை தூக்குவிசையை உண்டாக்கும்போது கூடவே எழும் காற்றுத்தடை) இறக்கை நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், அதே எடையிலும் வேகத்திலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஏறும்போது வேகம் குறைவு, அந்த இழுவையின் பங்கோ அதிகம். ஆகவே லாபம் நேராக ஏற்றத்தில் தெரியும். எஞ்சின் நின்றுபோனாலும் சறுக்கிப் போகும் தூரம் கூடும். எனக்கு இது மிகப் பெரிய விஷயம். ஆனால் உடலோடு சேருமிடத்தில் ஸ்பார் (இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடும் முதன்மைத் தண்டு) தாங்க வேண்டிய வளைவு விசை கூடும், ரோல், அதாவது பக்கவாட்டில் சாய்வது, மந்தமாகும்.

100 குதிரைத்திறன் எஞ்சின் போட்டால்? உச்ச வேகம் திறனின் கனமூலத்தோடுதான் உயரும். 25 சதவீதம் கூடுதல் திறனுக்கு வேகம் 8 சதவீதம்கூட ஏறாது. ஏற்றத்தில் மட்டும் நல்ல பலன் உண்டு, மட்டமாகப் பறக்கத் தேவையானதுபோக மிஞ்சும் திறன்தானே மேலே தூக்குகிறது.

என் மனம் நீள இறக்கைப் பக்கமே சாய்கிறது. இப்படி நீட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஸ்பாரை வலுப்படுத்தியதில் எடை எவ்வளவு கூடியது? ஐலரானையும் (சாய்வைக் கட்டுப்படுத்தும், இறக்கையின் பின்விளிம்பு மடல்) நீட்டினீர்களா? ஃபிளட்டர் (வேகத்தில் இறக்கை தானாகவே கட்டுமீறி அதிர்வது) வராது என்பதை எப்படி உறுதிசெய்தீர்கள்? பறந்து அளந்த எண்கள் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.