அம்மாவுடன் மாரா பூங்காவில் கூடாரம்: எந்த இடம் எடுப்பது?

தாமரைக்குளம்:
யூலையில் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா ரொறன்ரோ வருகிறார். அவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சிம்கோ ஏரிக்கரையில் உள்ள மாரா மாகாணப் பூங்காவில் தங்க ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி, இரவில் எழும்பி நடக்க வேண்டியிருக்கும். தண்ணீர் ஓரமாக இடம் எடுக்கலாமா?

ஏரிக்கரையான்:
தங்கச்சி, தண்ணீர் ஓரத்தை விட்டுவிடுங்கள். கழிப்பறைக் கட்டடத்துக்கு மூன்று நான்கு இடம் தள்ளி எடுங்கள். ஒட்டியே எடுத்தால் விடிய விடியக் கதவுச் சத்தம். முன்பதிவு ஐந்து மாதத்துக்கு முன்பே காலை 7 மணிக்குத் திறக்கும். வார இறுதி முந்தியவர்களுக்கே.

அம்மாவுக்கு மடிப்புக் கட்டில் கட்டாயம். தரையிலிருந்து எழும்புவதுதான் முழங்காலுக்கு வதை. ஆனால் கட்டிலுக்கு அடியில் காற்று ஓடும். யூலையிலும் விடியப்புறம் முதுகு சில்லிடும். மேலே இரண்டு போர்வை போர்த்துவதைவிட, கீழே ஒரு கம்பளியை மடித்து விரியுங்கள்.

விறகை வீட்டிலிருந்து ஏற்ற வேண்டாம். ஆஷ் மரங்களை அழிக்கும் பச்சை வண்டு 2002இல் ஒன்ராறியோவில் கண்டறியப்பட்டது. அதன் புழு பட்டைக்கடியில் இருந்தபடியே விறகோடு ஊர் மாறிவிடும்.

இன்னொன்று. அம்மாவை அதர்லி நீரிணைக்குக் கூட்டிப்போங்கள். பூங்காவிலிருந்து காரில் சிறிது தூரம்தான். ஆதிக்குடிகள் மரக்கழிகளை வரிசையாக நட்டு மீனை மறித்த இடம் அது. 4,500 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது, எச்சங்கள் இன்னும் நீருக்கடியில் இருக்கின்றன. யாழ்ப்பாணக் கடனீரேரியில் கழி நட்டு மீன் மறிக்கும் சிறகுவலை பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. என் தகப்பனார் அங்கே நின்று கேட்ட முதல் கேள்வி, நீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதுதான்.

மலர்விழி:
பிள்ளைகளுக்கு மாரா பூங்காக் கரை நல்லது; மணல், ஆழமும் குறைவு. ஆனால் சம்பல், மீன் மிச்சம் எதையும் மேசையில் விடாதீர்கள், காருக்குள் பூட்டுங்கள். ரக்கூன் பெட்டி மூடியையே திறந்துவிடும். பொழுதுபட்டால் நுளம்பு, அம்மாவுக்கு முழுக்கைச் சட்டை எடுங்கள்.

தாமரைக்குளம்:
மிக்க நன்றி அண்ணா, அக்கா. அம்மா நாவாந்துறையில் வளர்ந்தவர். தொலைபேசியில் சொன்னதும், கழிகளுக்கு என்ன மரம் வெட்டினார்கள் என்று கேட்கிறார். வாரநாளிலேயே பதிகிறேன். கட்டில் யாரிடமாவது இரவல் கிடைக்குமா?

ஏரிக்கரையான்:
என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது. மார்க்கம் நகரில்தான் இருக்கிறேன், தனிமடல் போடுங்கள்.