சீசன் முடிஞ்சப்புறம் குட்டி டிரெய்லர்ல ரெண்டு நாள், ராத்திரி உள்ள சுவரெல்லாம் வேர்க்குது, என்ன பண்றது?

கேள்வி கேட்டவர்:
நானும் மனைவியும் சின்ன டிரெய்லர் ஒண்ணு வெச்சிருக்கோம், உள்ள ஒரு மெத்தை, பின்கதவைத் தூக்கினா சமையல் மேடை, அவ்ளோதான். கூட்டம்னா ரெண்டு பேருக்குமே ஆகாது, அதனால சீசன் முடிஞ்சு ஒரு சனி ஞாயிறு கிளம்பினோம். ஏரிக்கரைல எங்களைத் தவிர ஆளே இல்ல, அந்த அமைதிக்காகவே திரும்பப் போகணும்னு இருக்கு. ஆனா குளிருக்குப் பயந்து ஜன்னல், மேல இருக்குற வென்ட் எல்லாத்தையும் இறுக்கி மூடிட்டுப் படுத்தோமா, விடிஞ்சு பார்த்தா கண்ணாடி, கூரை எல்லாம் முத்து முத்தா தண்ணி, மெத்தையத் தூக்கினா அடிப்பக்கம் ஈரம். ஒழுகல, நல்லா பார்த்துட்டேன். அடுத்த ராத்திரி அவங்களுக்குக் குளிர் தாங்கல, கேஸ் அடுப்பை உள்ள கொஞ்ச நேரம் பத்த வைக்கலாமான்னு கேட்டாங்க, எனக்கு மனசு ஒப்பல. காலைல அந்த அடுப்பும் சரியா எரியல, பாதி கேஸ் இருக்கு ஆனா சுடர் சுருங்கிப் போச்சு. அடுத்த மாசம் திரும்பப் போறோம், என்னத்த மாத்தணும்?

பதில் 1:
முதல்ல அந்த அடுப்பு விஷயம். நீங்க ஒப்புக்காதது ரொம்ப ரொம்ப சரி. மூடின சின்ன இடத்துல எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு நிறம் இல்ல, வாசனை இல்ல, தூங்கிட்டு இருக்கும்போதே ஆளை முடிச்சிரும். கரி அடுப்பு இன்னும் மோசம், அணைஞ்ச மாதிரி தெரியுற கரியக்கூட உள்ள எடுத்துட்டுப் போகாதீங்க. இந்த வாயு வந்தா சத்தம் போடுற, பேட்டரில ஓடுற அலாரம் ஒண்ணு வாங்கி மாட்டிட்டுதான் அடுத்த தடவை கிளம்பணும், இதுல மட்டும் தள்ளிப் போடாதீங்க.

தண்ணி உங்க மூச்சுதாங்க. ரெண்டு பேர் ராத்திரி முழுக்க விடுற ஈரம் போக வழியில்லாம குளிர்ந்த சுவர்ல போய் ஒட்டுது. கேஸ் எரிச்சாலும் ஈரம்தான், 1 கிலோ புரொப்பேன் எரிஞ்சா 1.6 கிலோ தண்ணி ஆவியா வருது. அதனால மேல வென்ட் ரெண்டு விரல் அளவு, எதிர்ப்பக்க ஜன்னல் கொஞ்சம், ரெண்டையும் திறந்தே வெச்சுப் படுங்க. குளிருமேன்னு தோணும், ஆனா ஈரமான போர்வைக்குள்ள படுக்குறதுதான் நிஜமான குளிர். மெத்தைக்கு அடியில காத்து போற மாதிரி மரச்சட்டமோ வலை மாதிரி விரிப்போ போடுங்க. நனைஞ்ச துணி, ஷூ எல்லாம் உள்ள வேண்டாம்.

பதில் 2:
சுடர் சுருங்கினதுக்குக் காரணம் பெரும்பாலும் கேஸோட வகை. பியூட்டேன் 0 டிகிரி செல்சியஸ்கிட்ட வந்தாலே ஆவியாகாம அப்படியே திரவமா உக்காந்துக்கும், புரொப்பேனுக்கு மைனஸ் 42 வரைக்கும் பிரச்சனை இல்ல. உங்க சிலிண்டர்ல என்னன்னு லேபிளைப் பாருங்க, குளிர்ல புரொப்பேன்தான், ஆனா அதுக்குன்னு இருக்குற சிலிண்டரும் ரெகுலேட்டரும் வேணும். சூடு பண்ணலாம்னு சிலிண்டரை நெருப்புகிட்ட கொண்டு போயிடாதீங்க. டிரெய்லர்ல இருக்குறது லித்தியம் பேட்டரியா இருந்தா 0 டிகிரிக்குக் கீழ சார்ஜ் ஏத்தக்கூடாது, கெட்டுப் போகும். டயர்லயும் காத்து குறையும், 5, 6 டிகிரி இறங்கினா சுமாரா 1 பிஎஸ்ஐ போயிரும், கிளம்புற அன்னிக்குக் காலைல டயர் சூடாகுறதுக்கு முன்னாடி பார்த்துருங்க.

பதில் 3:
நானும் எங்க வீட்டுக்காரரும் இப்படி நிறைய போயிருக்கோம், உங்க மனைவிக்காக சொல்றேன். குளிர் மேல இருந்து வர்றதவிட கீழ இருந்துதான் ஏறும், இன்னொரு போர்வை வாங்குறதுக்கு முன்னாடி மெத்தைக்கு அடியில ஃபோம் ஷீட் போடுங்க. படுக்குறதுக்கு அரை மணி முன்னாடி வெந்நீர் பையை உள்ள வெச்சிருங்க, பகல்ல போட்ட துணியோட படுக்காம காஞ்ச துணி மாத்திக்கச் சொல்லுங்க, வேர்வை ஈரம் அதுல இருக்கும். ஏரிக்கரை அழகுதான் ஆனா குளிர்ந்த காத்து பள்ளத்துல வந்து தேங்கும், கொஞ்சம் மேடா பார்த்து நிறுத்துங்க. அப்புறம் இந்த நேரத்துல சில இடத்துல குழாயை அடைச்சிருவாங்க, முன்னாடியே ஃபோன் பண்ணிக் கேட்டுட்டு குடிக்கத் தண்ணி கொண்டு போயிருங்க. சீக்கிரமே இருட்டிரும்ங்கறதால வெளிச்சத்துலயே போய்ச் சேர்ந்துருங்க.

கேள்வி கேட்டவர்:
லேபிள் பார்த்தேன், பியூட்டேன்தான். அலாரம் இன்னிக்கே ஆர்டர் போட்டாச்சு. இதெல்லாம் அவங்ககிட்ட படிச்சுக் காட்டினேன், ஃபோம் ஷீட்டுக்கு இப்பவே அளவு எடுத்துட்டு இருக்காங்க. மெத்தைல இன்னும் லேசா ஈர வாடை இருக்கு, வெயில்ல போட்டா போதுமா?

பதில் 1:
உறையைக் கழட்டித் துவைச்சிருங்க, மெத்தைய நிக்க வெச்சு ரெண்டு பக்கமும் வெயில் படுற மாதிரி ரெண்டு மூணு நாள் காய விடுங்க. கரும்புள்ளி ஏதாவது தெரிஞ்சா மாத்திருங்க, அது பூஞ்சை.